ஐந்துக்குத் தடை, ஒன்றுக்கு வழி

காரின் முன்சக்கரத்துக்குப் புதிதாகப் போட்ட ரப்பர் புஷ் ஏழே மாதத்தில் கிழிந்துபோனது. கடைக்காரர் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். புஷ்ஷோடு கழற்றிய லோயர் ஆர்மைச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு சண்டைக்குக் கிளம்பியவனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார் அண்ணாச்சி. நாற்பது வருஷம் அம்பாசிடருக்கும் லாரிக்கும் அடியில் கிடந்த மனிதர். இப்போது வேலையை விட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆர்மை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ரப்பரில் விழுந்திருந்த கிழிசலைக் கட்டைவிரலால் நீவினார்.

"சக்கரம் அந்தரத்துல தொங்கும்போதே போல்ட்ட முறுக்கிட்டியா மக்கா?"

"ஆமா அண்ணாச்சி. தொங்குனாத்தானே கை உள்ள போகும்?"

"அப்போ கடைக்காரன ஏசாத. இத பிச்சது நீதான்."

பொருளும் அசல், போல்ட்டும் இறுக்கம். முறுக்கிய நேரம் மட்டும் தவறு. முறுக்கும் நேரத்தில் என்ன இருக்கிறது? விடை தேடினால், காரின் முன்சக்கரம் எதனால் சக்கரமாக நடந்துகொள்கிறது என்பதில் தொடங்கி, ரப்பர் ஏன் ரப்பராக இருக்கிறது என்பதுவரை போக வேண்டியிருக்கிறது. போய்ப் பார்ப்போம்.

சக்கரத்துக்கு எத்தனை வழி?

ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை மேலும் கீழும் நகர்த்தலாம். இடமும் வலமும் நகர்த்தலாம். முன்னும் பின்னும் நகர்த்தலாம். இவை மூன்று. அதே மூன்று திசைகளையும் அச்சாக வைத்துச் சுழற்றவும் செய்யலாம். ஆக ஆறு. எந்தத் திடப்பொருளானாலும் அதன் அசைவை இந்த ஆறின் கலவையாகச் சொல்லிவிடலாம். பள்ளிப் பாடநூல் இவற்றைச் சுதந்திர இயக்கக்கூறுகள் என்கிறது.

காரின் முன்சக்கரம் ஒரு வார்ப்பிரும்புத் துண்டின்மேல் உட்கார்ந்து சுழல்கிறது. மெக்கானிக்குகள் அதை நக்கிள் என்பார்கள். இந்த நக்கிளுக்கும் ஆறு வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் நமக்கு வேண்டும்: பள்ளம் வந்தால் இறங்கவும் மேடு வந்தால் ஏறவும் வேண்டும். மீதி ஐந்தும் அடைபட வேண்டும். சக்கரம் பின்னால் தள்ளப்படக் கூடாது, பக்கவாட்டில் ஒதுங்கக் கூடாது, சாயக் கூடாது, தானாகத் திரும்பக் கூடாது, பிரேக் போட்டால் நக்கிளும் சேர்ந்து சுழன்றுவிடக் கூடாது. சஸ்பென்ஷன் என்றதும் குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்தான் நினைவுக்கு வருகிறது. ஸ்பிரிங் கவனிப்பது அந்த ஒரு வழியை மட்டும். மற்ற ஐந்துக்கும் காவல் இருப்பவை நாம் பெயர்கூடச் சொல்லாத கம்பிகளும் கைகளும்.

இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்க அமைப்பு எர்ல் மாக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளருடையது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு செவ்ரலே நிறுவனம் விலை குறைந்த சிறிய கார் ஒன்றைத் திட்டமிட்டது. அதற்காக அவர் இந்த வடிவத்தை யோசித்தார். கார் சந்தைக்கு வரவில்லை; திட்டம் 1947-ல் கைவிடப்பட்டது. மாக்ஃபெர்சன் ஃபோர்டுக்குப் போனார், யோசனையும் அவரோடு போனது. பிரான்ஸில் ஃபோர்டு வெடெட், 1950-ல் பிரிட்டனில் ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் என்று அது சாலைக்கு வந்தது. 1983-ல் நம் ஊருக்கு வந்த மாருதி 800-ன் முன்சக்கரங்களும் அதே வம்சம்.

அதன் அழகு சிக்கனத்தில் இருக்கிறது. நக்கிளின் தலையில் செங்குத்தாக ஒரு ஷாக் அப்சார்பர் குழாய். அதன் உச்சி காரின் உடலில் மாட்டியிருக்கும். நக்கிளின் காலடியில் ஒரு பந்துமூட்டு. அதைப் பிடித்திருப்பது லோயர் ஆர்ம். பக்கத்தில் ஸ்டீரிங்கிலிருந்து வரும் டை ராடு. இவ்வளவுதான். கணக்குப் பாருங்கள்: உச்சி மாட்டப்பட்டு நீளவாக்கில் மட்டுமே நழுவும் குழாய் இரண்டு வழிகளை அடைக்கிறது. கீல்போல மேலும் கீழும் மட்டுமே ஆடும் லோயர் ஆர்ம், பந்துமூட்டை முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ போகவிடாமல் இரண்டை அடைக்கிறது. டை ராடு ஒன்றை அடைக்கிறது. இரண்டும் இரண்டும் ஒன்றும் ஐந்து. ஆறில் ஐந்து போனால் மிச்சம் ஒன்று. ஒரு துண்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. காவலாளிகளில் ஒருவர் தளர்ந்தாலும் அவருடைய வேலையைப் பார்க்க வேறு ஆள் இல்லை.

காரைச் சுமக்காத கை

லோயர் ஆர்மைப் பார்த்தால் காரின் முன்பாரம் முழுவதையும் அதுதான் தாங்குகிறது என்று தோன்றும். மாக்ஃபெர்சன் அமைப்பில் அப்படியில்லை. ஸ்பிரிங் குழாயின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் எடை நக்கிளிலிருந்து நேராக உச்சிக்குப் போய்விடுகிறது. லோயர் ஆர்முக்கு வருவது வளைவில் பக்கவாட்டு விசை. பிரேக்கிலும் பள்ளத்திலும் முன்பின் விசை. அந்த விசை எவ்வளவு என்று கைவிரலால் கணக்குப் போடலாம்.

ஆட்களோடு சேர்த்துக் கார் 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாய் குறுக்கே பாய்ந்தது, ஓங்கி மிதித்தீர்கள். நல்ல சாலையில் புவியீர்ப்பு முடுக்கத்தின் பத்தில் எட்டுப் பங்கு அளவுக்கு வேகம் குறையலாம். அதற்குத் தேவையான விசை சுமார் 8,000 நியூட்டன். பிரேக் போடும்போது பாரம் முன்னால் சாய்வதால் அதில் ஏறக்குறைய 70 விழுக்காடு முன்சக்கரங்களுக்கு. ஒரு சக்கரத்துக்கு 2,800 நியூட்டன். சாலை அந்த விசையோடு டயரின் அடியைப் பின்னோக்கித் தள்ளுகிறது.

இப்போது நெம்புகோல். என் காரில் டேப் வைத்துப் பார்த்தேன்: குழாயின் உச்சி தரையிலிருந்து 80 சென்டிமீட்டர், பந்துமூட்டு 20 சென்டிமீட்டர். உச்சியைத் தாங்குபுள்ளியாக வைத்தால் சாலையின் தள்ளல் 80 சென்டிமீட்டர் தொலைவிலும், லோயர் ஆர்மின் எதிர்ப்பு 60 சென்டிமீட்டர் தொலைவிலும் வேலை செய்கின்றன. சமநிலைக்கு லோயர் ஆர்ம் 2,800-ஐ 80-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்த அளவு, அதாவது 3,700 நியூட்டனுக்கு மேல், எதிர்த்து நிற்க வேண்டும். கிட்டத்தட்ட 380 கிலோ எடை. ஐந்தாறு பேரைப் படுக்கைவாட்டில் தொங்கவிட்டதற்குச் சமம். அந்த விசை முழுவதும் ஒரு பந்துமூட்டு வழியாகவும் இரண்டு ரப்பர் வளையங்கள் வழியாகவும் காரின் உடலுக்குப் போகிறது.

தேய்மானத்தின் அறிகுறிகள் இந்தக் கணக்கிலேயே இருக்கின்றன. புஷ் தளர்ந்தால் பிரேக் போடும் கணத்தில் சக்கரம் சற்றே பின்வாங்கி ஒரு 'டொக்' வரும். காலை எடுத்தால் திரும்ப முன்வந்து இன்னொரு 'டொக்'. லோயர் ஆர்ம் நகர்ந்தும் டை ராடு நகராததால் சக்கரம் இம்மியளவு திரும்பிக்கொள்ளும். ஸ்டீரிங் ஒருபக்கம் இழுக்கும். வேகத்தடையில் ஒரு முனகல், நேர்ச்சாலையில் ஒரு தள்ளாட்டம், டயரின் உள்ஓரத்தில் மட்டும் ஒரு வழுக்கை. மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகத்தை முதலில் இங்கே வையுங்கள்.

கிண்ணத்தில் ஒரு குண்டு

லோயர் ஆர்மின் வெளிமுனையில் இருப்பது பந்துமூட்டு, பட்டறை மொழியில் பால் ஜாயின்ட். பழைய கார்களில் இந்த இடத்தில் கிங் பின் என்ற தடித்த உருளை இருந்தது. அது ஒரே அச்சில்தான் திரும்பும். மேலும் கீழும் ஆட வேறு மூட்டு வேண்டும். கனரக லாரிகளில் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் 1952-ல் வந்த லிங்கன் கார் முன்சக்கரங்களுக்குப் பந்துமூட்டைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். திரும்புவது, ஆடுவது இரண்டையும் ஒரே குண்டு பார்த்துக்கொண்டது.

நம் இடுப்பிலும் இருப்பது இதுதான். தொடையெலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பில் ஒரு குழி. நடுவில் வழவழப்பான குருத்தெலும்பும் மசகு நீரும். சுற்றி ஓர் உறை. காரில் எஃகுப் பந்து, வழவழப்பான நெகிழிக் கிண்ணம், கிரீஸ், சுற்றி ரப்பர் உறை. ஒரு வேறுபாடு: உடல் தன் மசகைத் தானே சுரந்துகொள்ளும். பால் ஜாயின்ட்டுக்குத் தொழிற்சாலையில் வைத்த கிரீஸ்தான் ஆயுள் முழுவதற்கும்.

ஆகவே பால் ஜாயின்ட்டின் சாவு பெரும்பாலும் உறையில்தான் தொடங்குகிறது. சில ரூபாய் பெறுமதியுள்ள அந்த ரப்பரில் ஒரு கீறல் விழுந்தால் போதும். எங்கள் குமரி மாவட்டத்தில் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. கீறல் வழியே தண்ணீர் உள்ளே போகிறது, கூடவே மணல். கிரீஸும் மணலும் கலந்தால் நயமான சாணைப் பசை. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பமும் பந்தைக் கொஞ்சம் தேய்க்கிறது.

ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சக்கரம் தொங்க வேண்டும். காரை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடையில் டயர் லிவரைக் கொடுத்து மெல்ல நெம்புங்கள். நல்ல மூட்டில் லிவர் அழுந்தும், மூட்டு நகராது. தேய்ந்ததில் 'களுக்' என்று ஒரு வெற்றிடம் தெரியும்.

இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. புஷ் கிழிந்தால் கார் முனகும், இழுக்கும், டயரைத் தின்னும். பால் ஜாயின்ட் முற்றிலும் கழன்றால் சக்கரத்தின் அடிப்பக்கத்தைப் பிடிக்க யாருமே இல்லை. சக்கரம் வெளிநோக்கி மல்லாந்து கார் அந்தப் பக்கம் உட்கார்ந்துவிடும். பல கார்களில் பால் ஜாயின்ட் லோயர் ஆர்மோடு சேர்ந்தே வருவதால் இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடுவது நல்லது.

திரும்பாமல் திரும்பும் வளையம்

உள்முனைகளில் இருப்பவை புஷ்கள். வெளியே ஓர் எஃகு வளையம், உள்ளே ஓர் எஃகுக் குழல், நடுவில் இரண்டோடும் ஒட்டவைத்த ரப்பர். குழலுக்குள் போல்ட் போகிறது. நானும் முதலில் பெரும்பாலோரைப் போலத்தான் நினைத்திருந்தேன்: கதவுக்கீலின் முளையில் கதவு சுழல்வதுபோல, போல்ட்டில் குழல் சுழலும் என்று.

சுழலாது. போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் காரின் சட்டத்தோடு கவ்விக்கொண்டு அசையாமல் நின்றுவிடுகிறது. ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது வெளிவளையம் மட்டும் திரும்புகிறது. நடுவில் அகப்பட்ட ரப்பர், ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுகுகிறது. பிறகு தன் பழைய நிலைக்கு இழுத்துக்கொள்கிறது. எங்கேயும் உராய்வில்லை, எண்ணெய் வேண்டாம், கிரீச்சென்ற ஒலியில்லை.

லோயர் ஆர்ம் பல கார்களில் 'எல்' வடிவம். இரண்டு புஷ்களும் ஒன்றுபோல இருக்காது. பக்கவாட்டு விசையைத் தாங்கும் புஷ் விறைப்பானது. ஸ்டீரிங்கைத் திருப்பியதும் கார் தயங்காமல் திரும்ப அதுவே காரணம். மற்றது பருத்தது, மெத்தென்றது. பள்ளத்தின் ஓரத்தில் டயர் மோதும் முன்பின் உதையை விழுங்குவது அதன் வேலை. அதன் ரப்பரில் பிறைவடிவில் இடைவெளிகள் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைக் கிழிசல் என்று எண்ணிவிடுவார்கள். ஓரம் வழவழவென்று வளைந்து சென்றால் அது அச்சில் வார்த்தது. பிசிறு பிசிறாக இருந்தால்தான் கிழிசல். அந்த இடைவெளி எந்தத் திசை நோக்கி இருக்கிறதோ அந்தத் திசையில் புஷ் மென்மை. புஷ்ஷை மட்டும் தனியாக அழுத்தி மாற்றுகிறவர்கள் திசையைக் குறித்துவைக்காவிட்டால் மென்மையும் விறைப்பும் இடம் மாறிவிடும்.

இத்தனை வேலையையும் ரப்பர் எப்படிச் செய்கிறது? வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அகலமான ரப்பர் பேண்டை உதட்டில் வைத்துச் சட்டென்று இழுங்கள், சூடு தெரியும். இழுத்தபடி சற்றுப் பொறுத்து, சட்டென்று தளரவிட்டு மீண்டும் உதட்டில் வையுங்கள், குளிர்ச்சி. ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர் 1805-ல் இதை எழுதிவைத்தார். அவருக்குப் பார்வை கிடையாது. கண் தராத செய்தியை உதடு தந்தது. அரை நூற்றாண்டு கழித்து ஜூல் என்ற இயற்பியலாளர் அதை அளந்து உறுதிசெய்தார்.

எஃகுச் சுருளை இழுத்தால் அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்புகள் நீள்கின்றன. அவை திரும்ப இழுக்கின்றன. ரப்பரின் இழுப்பு வேறு ரகம். ரப்பரின் மூலக்கூறுகள் மிக நீளமான சங்கிலிகள். அவை சும்மா இருக்கும்போது சிக்குவிழுந்த நூற்கண்டுபோலக் கலைந்து கிடக்கும். கலைந்து கிடக்க ஆயிரமாயிரம் விதங்கள் உண்டு. நேராக நிற்க மிகச் சில விதங்களே உண்டு. இழுத்தால் அந்தச் சில விதங்களுக்குள் அடைபடுகின்றன. விட்டதும் வெப்ப அசைவு அவற்றைப் பழையபடி கலைத்துவிடுகிறது. ரப்பரின் மீட்சி என்பது பெரும்பாலும் ஒழுங்கிலிருந்து கலைவுக்குத் திரும்பும் ஆசை. இயற்பியலில் அந்தக் கலைவின் அளவுக்குப் பெயர் என்ட்ரோபி.

சங்கிலிகள் ஒன்றையொன்று நழுவி ஓடிவிடாமல் அங்கங்கே முடிச்சுப் போட வேண்டும். மரத்திலிருந்து வடித்த பாலில் அந்த முடிச்சுகள் கிடையாது. அதனால் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டு குறையும் தீர்கின்றன என்று கண்டுபிடித்தார். கந்தகம் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் பாலம் போடுகிறது. அந்தப் பாலங்களே புஷ்ஷின் ஞாபகம். எவ்வளவு முறுக்கினாலும் எங்கே திரும்ப வேண்டும் என்பதை அவைதான் நினைவில் வைத்திருக்கின்றன.

செயற்கை ரப்பர்கள் பல வந்த பிறகும் புஷ்களில் இயற்கை ரப்பருக்கு மவுசு குறையவில்லை. வலுவாக இழுபடும்போது அதன் சங்கிலிகள் அடுக்கடுக்காக ஒழுங்குபட்டுப் படிகமாகிவிடும். ஒரு சிறு வெடிப்பின் நுனியில்தான் இழுப்பு அதிகம். அங்கேயே படிகம் உருவாகி வெடிப்புக்கு அணை கட்டுகிறது. எங்கள் மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் போகும்போது சாலையின் இருபுறமும் சிரட்டை கட்டிய ரப்பர் மரங்களைப் பார்க்கிறேன். 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன ஏறத்தாழ 70,000 விதைகளில் முளைத்தவை சுமார் 2,700. அவற்றில் பெரும்பகுதி நாற்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களுக்கு அந்த நாற்றங்கால்தான் பெரிய ஊற்று.

ரப்பருக்குப் பகைவர்களும் உண்டு. காற்றில் இருக்கும் ஓசோன் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளை அறுக்கிறது; இழுபட்ட ரப்பரில் இழுப்புக்குக் குறுக்காக மயிரிழை வெடிப்புகள் விழுவது அதனால்தான். இன்னொரு பகைவன் கனிம எண்ணெய். பட்டால் ரப்பர் ஊறி உப்பும், வலுவிழக்கும். எஞ்சின் ஆயில் ஒழுகும் காரில் அந்தப் பக்கத்துப் புஷ் முதலில் போவது தற்செயல் அல்ல. புதுப் புஷ்ஷில் கிரீஸ் தடவுவதும் அக்கறையால் செய்யும் கெடுதல்; வழுக்க வேண்டுமானால் சோப்புத் தண்ணீர் போதும்.

மூன்றாவது பகைவன், முதல் தடவை ஸ்பேனர் பிடித்த நான்.

கழற்றுதல்

இரண்டாம் முறை அண்ணாச்சி கூட இருந்தார். ஜாக்கியை எடுக்கும் முன் டேப்பை எடுக்கச் சொன்னார். கார் தரையில் தன் எடையோடு நிற்கும்போது சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்புவரை உயரம்: 37 சென்டிமீட்டர். சுவரில் சாக்பீஸால் எழுதினேன். எதற்கென்று அவர் சொல்லவில்லை.

பிறகு சமதளம், ஹேண்ட் பிரேக், பின்சக்கரங்களுக்குக் கட்டை. வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்தினோம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு எஃகு ஸ்டாண்டுகள். செங்கல் அடுக்கிவிட்டு அடியில் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எஃகு தாங்க முடியாதபோது பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். செங்கல் எச்சரிக்காமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தையும் காரின் அடியில் படுக்கவைத்தோம். ஸ்டாண்ட் ஏமாற்றினாலும் கார் சக்கரத்தின்மேல் விழட்டும்.

ஒரு பக்கத்தை மட்டும் தூக்காமல் முன்பக்கம் இரண்டையும் தூக்கினோம். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் முறுக்குக்கம்பி ஒன்று இருக்கிறது; ஒரு சக்கரம் தொங்கி மற்றது தரையில் நின்றால் அது முறுகி நிற்கும். அந்தக் கம்பியின் லிங்க் ராடைக் கழற்றும் கணத்தில் அந்த முறுக்கம் விரல் இருக்கும் இடம் பார்க்காது. இரண்டும் சமமாகத் தொங்கினால் கம்பியில் முறுக்கமில்லை.

போல்ட்டுகள் துருவேறியிருந்தன. முந்தின நாள் மாலையே மரைகளில் துரு எண்ணெய் தெளித்துவைத்திருந்தோம். துருவுக்கும் மரைக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளிக்குள் அது நுண்புழையேற்றத்தால் தானே ஊர்ந்து போகும். அவசரப்படுகிறவர்களுக்கு உடைந்த போல்ட், பொறுத்தவர்களுக்குக் கழன்ற போல்ட்.

முரண்டு பிடித்தது பால் ஜாயின்ட். அதன் தண்டு கூம்பு வடிவம். நக்கிளின் கூம்புத் துளைக்குள் ஆப்புபோல இறங்கியிருக்கிறது. நட்டைக் கழற்றினாலும் வராது. காரணம் கோணத்தில் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் எஃகின் மேல் எஃகு வழுக்கத் தொடங்கும் சரிவு எட்டு பாகைக்கு அருகில். கூம்பின் சாய்வு அதில் பாதிகூட இல்லை. உராய்வு வெல்கிறது, ஆப்பு தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. கீழ்நோக்கி எத்தனை அடித்தாலும் மரைதான் கெடும்.

அண்ணாச்சி நட்டை இரண்டு மரை விட்டு மாட்டியே வைத்தார், கழன்றதும் ஆர்ம் எகிறாமல் இருக்க. பிறகு தண்டைத் தொடாமல், துளையைச் சுற்றியிருந்த நக்கிளின் காதில் பக்கவாட்டாகச் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு, இன்னொரு போடு. மூன்றாவதில் 'டங்' என்று ஆர்ம் விழுந்தது. அடி விழும் கணத்தில் வட்டத்துளை இம்மியளவு நீள்வட்டமாகி மீள்கிறது. அந்தக் கணத்தில் பிடி விட்டுப்போகிறது. "பூட்டுன இடத்துல அடிக்காத, பூட்ட அடி" என்றார்.

எப்போது முறுக்குவது?

புது ஆர்மை மாட்ட அரைமணி நேரம் ஆகவில்லை. கூம்பை நக்கிளில் ஏற்றி நட்டை டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினோம். அதற்குச் சக்கரம் தொங்கினாலும் பரவாயில்லை. கழற்றிய பழைய நட்டுகளைத் திரும்பப் போடவில்லை. நைலான் பிடியுள்ள நட்டு ஒருமுறை கவ்வியதும் கவ்வும் குணத்தில் கொஞ்சத்தை இழந்துவிடும்.

டார்க் ரெஞ்ச் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இறுக்கிய போல்ட் என்பது இழுத்துக் கட்டிய விறைப்பான ஸ்பிரிங். அதன் இழுப்புத்தான் இரண்டு இரும்பையும் சேர்த்து அழுத்துகிறது. நாம் முறுக்கும் உழைப்பில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கு அடியில் உள்ள உராய்வுக்கும், பத்தில் நான்கு பங்கு மரையின் உராய்வுக்கும் போய்விடுகிறது. போல்ட்டை இழுக்க மிஞ்சுவது பத்தில் ஒன்று. கை உணர்வது உராய்வை, வேண்டியது இழுப்பு. பைப் போட்டு எம்பினால் போல்ட் மீளாத அளவு நீண்டுவிடும். பயந்து விட்டால் குழல் கவ்வாது. கையேட்டில் உள்ள எண்ணை நம்புவதே வழி.

புஷ்களின் போல்ட்டுகளை மட்டும் அண்ணாச்சி விரலிறுக்கத்தோடு நிறுத்தச் சொன்னார். சக்கரங்களை மாட்டினோம். இரண்டின் அடியிலும் தடித்த பலகைகளை அடுக்கி, வண்டியைப் பலகைகள்மேல் இறக்கினோம். பக்கவாட்டிலிருந்து ஸ்பேனர் போகும் அளவுக்கு இடம் கிடைத்தது. ஸ்டாண்டுகள் ஒரு விரல் இடைவெளியில் காவலுக்கு நின்றன. பானட்டின் மேல் கைவைத்து நாலைந்து முறை அழுத்தி விட்டார். கார் குதித்து அடங்கியது. டேப்பை வைத்தேன். 37.

சாக்பீஸ் எண்ணின் பொருள் அப்போதுதான் விளங்கியது. என் காரில் ஆர்மின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது 8 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. ஆர்ம் 13 பாகை சரிகிறது. சென்ற முறை அந்த நிலையில் போல்ட்டை முறுக்கினேன். உள்குழல் அந்தக் கோணத்திலேயே கவ்விக்கொண்டது. ரப்பரைப் பொறுத்தவரை அதுதான் ஓய்வுநிலை. வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் 13 பாகை முறுகிவிட்டது. ஓடும்போது முறுக்கம், நிற்கும்போது முறுக்கம், இரவு ஷெட்டில் தூங்கும்போதும் முறுக்கம். 6 சென்டிமீட்டர் மேடு ஒன்று வந்தால் ஆர்ம் இன்னும் 10 பாகை ஏறும். சரியாக மாட்டிய புஷ்ஷுக்கு அது 10 பாகை முறுக்கம். என்னுடையதற்கு 23. அதுவும் ஒவ்வொரு மேட்டுக்கும். போதாக்குறைக்கு எப்போதும் இழுபட்டு நிற்கும் ரப்பரை ஓசோன் தேடி வந்து கடிக்கும். ஏழு மாதம் தாங்கியதே பெரிது.

"இப்ப முறுக்கு" என்றார் அண்ணாச்சி. 'க்ளிக்' சத்தம் வரும்வரை முறுக்கினேன்.

மறுநாள் அலைன்மென்ட் கடைக்கு ஓட்டிப்போனேன். இதைத் தவிர்ப்பவர்கள் கணக்கை ஒருமுறை பார்க்கலாம். ஒரு சக்கரம் நேர்த்திசையிலிருந்து 0.2 பாகை விலகி நின்றால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் சுமார் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டருக்கு 35 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து டயரைப் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே கன்னியாகுமரிக்குப் போய், பாதிக்கு மேல் திரும்பியும் வந்ததற்குச் சமம்.

முறுக்கி முடித்த அன்று அண்ணாச்சி கடைசியாக ஒரு வேலை செய்திருந்தார். வெள்ளைப் பெயின்ட்டில் குச்சியை நனைத்து ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுத்தார். போல்ட் இம்மி நகர்ந்தாலும் கோடு உடையும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் டார்ச்சோடு குனிந்து பார்த்தேன். புஷ்ஷின் ரப்பர் நேராக, முறுகாமல், சும்மா இருந்தது. நான்கு கோடுகளும் நான்கு கோடுகளாகவே இருந்தன.